குட்டி மேப்பிள் பேகல்: வாசனை தோலில்தான் தங்கும்

கேட்கப்பட்ட கேள்வி இது: "பெரிய பேகலுக்கான செய்முறையை எடுத்து, சர்க்கரைக்குப் பதில் மேப்பிள் சிரப் ஊற்றி, இரண்டு மூன்று வாயில் தீர்ந்துபோகிற அளவில் குட்டி பேகல் சுட்டேன். உள்ளே பன் மாதிரி மெத்தென்று இருக்கிறது. அடி கருகிவிடுகிறது. அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மேப்பிளின் வாசனையோ தெரியவே இல்லை. எதை மாற்ற வேண்டும்?"

நான் கனடாவின் மாண்ட்ரியலில் இருக்கிறேன். இந்த ஊரில் பேகல், அதாவது மாவை வளையமாக்கிக் கொதிநீரில் வேகவைத்துப் பிறகு சுடும் ரொட்டி, தெருவுக்குத் தெரு கிடைக்கும், மேப்பிள் மரத்து நீரைக் காய்ச்சிய பாகான மேப்பிள் சிரப்பை மளிகைக் கடையில் தகர டப்பாவில் அடுக்கி வைத்திருப்பார்கள். வீட்டில் அடிக்கடி இந்தக் குட்டி பேகலைச் சுடுகிறேன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நீங்கள் சொல்லும் மூன்று குறையும் இரண்டே காரணத்தில் வந்து முடிகின்றன. ஒன்று, சிரப்புக்குள் இருக்கும் தண்ணீரைக் கணக்கில் எடுக்கவில்லை. இரண்டு, பேகல் சிறிதானால் அதன் தோலுக்கும் உள்மாவுக்கும் உள்ள விகிதமே மாறிவிடுகிறது.

இரண்டாவதை முதலில் பார்ப்போம். கடையில் விற்கும் பேகலுக்கு மாவு சுமார் 110 கிராம் எடுப்பார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் செய்வது 30 கிராம். உருவம் அதேதான், அளவு மட்டும் சிறிது. அப்படியானால் ஒரு கிராம் மாவுக்குக் கிடைக்கும் தோல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆகிறது. பேகலுக்கு அடையாளமே அந்தத் தோல்தான். பளபளவென்று, பல்லுக்கு ஒரு சின்ன எதிர்ப்புக் கொடுத்து, அப்புறம் விட்டுக்கொடுக்கிற தோல். அது அதிகமானால் நல்லதுதானே என்று தோன்றும். ஆமாம், நல்லதுதான். ஆனால் பெரிய பேகலுக்குச் சொன்ன நேரம் குட்டிக்கு வைத்தால், கொதிநீரில் ரப்பராகிவிடும், ஓவனில் ரஸ்க் ஆகிவிடும். எல்லா நேரத்தையும் குறைத்தாக வேண்டும். மேப்பிளைப் பொறுத்தவரை இந்தத் தோல் கணக்கு நமக்குச் சாதகம். மேப்பிள் வாசனை மாவுக்குள் தங்காது, தோலில்தான் தங்கும். அதனால் மேப்பிளுக்குப் பெரிய பேகலைவிடக் குட்டி பேகலே பொருத்தம் என்பது என் உறுதியான கருத்து.

இனி தண்ணீர்க் கணக்கு. மேப்பிள் சிரப் என்றால் குறைந்தது 66 சதவீதம் சர்க்கரை இருக்க வேண்டும் என்பது கனடாவில் சட்டம். மீதி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். 120 கிராம் சிரப் ஊற்றினால் 40 கிராம் தண்ணீரும் கூடவே போகிறது. பேகல் மாவில் தண்ணீர், உலர்ந்த மாவின் எடையில் 52 முதல் 57 சதவீதம் வரைதான் இருக்க வேண்டும். 500 கிராம் மாவில் 40 கிராம் கூடுதல் தண்ணீர் என்றால் எட்டு சதவீதம் ஏறிவிடும். பேகல் மாவு அங்கேயே பன் மாவாகிவிட்டது. உங்கள் பேகல் மெத்தென்று வந்ததற்கு இதுதான் முக்கியக் காரணமாக இருக்கும்.

நான் போடும் அளவு: பிரெட் மாவு 500 கிராம், கரும்பழுப்பு மேப்பிள் சிரப் 60 கிராம், தண்ணீர் 250 கிராம், உப்பு 9 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 4 கிராம், எண்ணெய் 15 கிராம். சிரப்பில் இருக்கும் 20 கிராமையும் சேர்த்தால் தண்ணீர் 270 கிராம், அதாவது 54 சதவீதம். மொத்தம் 840 கிராமுக்குச் சற்றுக் குறைவாக மாவு வரும். முப்பது முப்பது கிராமாகப் பிரித்தால் 28 பேகல். எடை மெஷின் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம். கப் கணக்கில் மாவை அளந்தால் ஒருவர் கைக்கும் இன்னொருவர் கைக்கும் 20, 30 கிராம் வித்தியாசம் வரும், இவ்வளவு கெட்டியான மாவு அதைத் தாங்காது.

மாவு விஷயத்தில் ஒன்று. கனடாவில் கிடைக்கும் சாதாரண மைதாவிலேயே புரதம் பெரும்பாலும் 12, 13 சதவீதம் இருக்கும், காரணம் இங்கே விளையும் கோதுமை. இந்தியாவில் கிடைக்கும் மைதாவில் பெரும்பாலும் 10 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். அதில் செய்தால் தோல் வரும், இழுவை வராது. 480 கிராம் மைதாவுடன் 20 கிராம் கோதுமை குளூட்டன் பொடி (மாவுக்கு இழுவை தரும் கோதுமைப் புரதம்) கலந்தால் சரியாகிவிடும். ஆட்டா மாவில் மட்டும் செய்து பார்க்க நினைத்தால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அதன் தவிடு குளூட்டன் இழைகளை அறுத்துவிடும். ஐந்தில் ஒரு பங்கு ஆட்டா கலந்தால் நன்றாக இருக்கும், அதற்கு மேல் போகாதீர்கள்.

பிசையும்போது மாவு பூரி மாவு பதத்தில் இருக்க வேண்டும். முதலில் உதிரியாக, "இது சேரவே சேராது, தண்ணீர் போதவில்லை" என்று தோன்றும். தண்ணீர் தெளிக்காதீர்கள். மூடிவைத்துப் பத்து நிமிடம் விட்டால் மாவே தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அப்புறம் உள்ளங்கையின் அடியால் அழுத்தி, மடித்து, மறுபடி அழுத்தி, பத்து பன்னிரண்டு நிமிடம் பிசைந்தால் வழவழவென்று ஆகிவிடும். சின்ன மிக்சர் வைத்திருப்பவர்கள் இந்த மாவைப் போட்டு மோட்டாரைச் சூடாக்க வேண்டாம், கையே போதும். பிசைந்ததை முக்கால் மணி நேரம் மூடிவையுங்கள். இரண்டு மடங்காகப் பொங்க வேண்டிய அவசியமில்லை, லேசாக உப்பினால் போதும்.

உருவாக்குவதில் இரண்டு வழி உண்டு. உருண்டையின் நடுவில் விரலால் துளை போட்டுச் சுழற்றி விரிப்பது எளிது. கயிறு திரித்து வளையமாக்குவது கொஞ்சம் கைப்பழக்கம் கேட்கும். நான் இரண்டாவதுதான் செய்வேன், ஏனென்றால் கயிறு திரிக்கும்போது மாவு முறுக்கேறுகிறது, கடிக்கும்போது அந்த இழுவை தெரிகிறது. 30 கிராம் மாவை 14, 15 சென்டிமீட்டர் கயிறாக உருட்டுங்கள். மாவு சுருங்கிப் பின்வாங்கினால் அதை விட்டுவிட்டு அடுத்த உருண்டைக்குப் போய், ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பி வாருங்கள். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து வைத்து, அவற்றின் மேல் கயிற்றைச் சுற்றி, இரண்டு முனையும் இரண்டு சென்டிமீட்டர் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி விடுங்கள். விரல்களை எடுக்காமலேயே அந்த இணைப்பைப் பலகையில் வைத்து முன்னும் பின்னும் இரண்டு முறை உருட்டினால் ஒட்டிக்கொள்ளும். பலகையில் மாவு தூவியிருந்தால் ஒட்டாது, கொதிநீரில் வளையம் வாயைத் திறந்துவிடும். எனவே உருட்டும் இடம் காய்ந்து, மாவில்லாமல் இருக்கட்டும். துளை மூன்று சென்டிமீட்டர் அளவுக்குப் பெரிதாகத் தெரிய வேண்டும். பொங்கி, வெந்து, சுட்டு முடிக்கையில் அது பாதிக்குமேல் அடைத்துக்கொள்ளும். 25 கிராமுக்குக் கீழே போனால் துளை நிற்காது. ஒரே வாயில் போடுகிற அளவுதான் வேண்டுமென்றால் வளையத்தை மறந்துவிட்டு 15 கிராம் உருண்டையாகவே செய்யுங்கள், அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது.

இங்கே பேகலின் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இனிப்பு எங்கிருந்து வந்தது என்பது அதில் இருக்கிறது. போலந்தின் கிராக்கோவ் நகர யூத சமூகத்தின் 1610-ஆம் ஆண்டு விதிமுறைகளில், குழந்தை பெற்ற பெண்ணுக்குப் பேகல் கொடுப்பது பற்றிய குறிப்பு இருக்கிறது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து புலம்பெயர்ந்த யூதர்களோடு அது வட அமெரிக்காவுக்கு வந்து, இரண்டு ஊரில் இரண்டு விதமாக வளர்ந்தது. நியூயார்க் பேகல் பெரிது, உப்பு உண்டு, மால்ட் (முளைகட்டிய பார்லியிலிருந்து எடுப்பது) சேர்த்த தண்ணீரில் வேகும். மாண்ட்ரியல் பேகல் சிறிது, மெலிது, துளை பெரிது, தேன் கலந்த தண்ணீரில் வெந்து விறகு அடுப்பில் சுடப்படும், பழைய முறைப்படி மாவில் உப்பே கிடையாது. 1919-இல் தொடங்கிய ஃபேர்மவுண்ட், 1957-இல் தொடங்கிய செயின்ட் வியாட்டர் ஆகிய இரண்டு கடைகளும் இன்றும் மைல் எண்ட் பகுதியில் சில தெரு இடைவெளியில் இருக்கின்றன. எது சிறந்தது என்று இந்த ஊர்க்காரர்கள் இன்னமும் வாதிடுவார்கள். 2008-இல் மாண்ட்ரியலில் பிறந்த விண்வெளி வீரர் கிரெகரி ஷாமிட்டாஃப் ஃபேர்மவுண்ட் பேகலை விண்வெளி நிலையத்துக்கே எடுத்துப் போனார். மேப்பிளுக்கு ஏற்ற மூலம் இந்த மாண்ட்ரியல் வகைதான். அது ஏற்கனவே இனிப்பு. உப்பு விஷயத்தில் மட்டும் நான் ஊர் வழக்கத்தை விட்டு விலகுகிறேன். உப்பில்லாமல் மேப்பிள் சுவை சப்பென்று தட்டையாகிவிடுகிறது.

வளையங்களை எண்ணெய் தடவிய பட்டர் பேப்பரில் வரிசையாக வைத்து, மேலே மெல்ல எண்ணெய் தொட்டு, காற்றுப் புகாமல் மூடி, இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வையுங்கள். பத்து முதல் பதினான்கு மணி நேரம். குளிரில் ஈஸ்ட் மெதுவாக வேலை செய்வதால் சுவை ஏறும், சுட்டபின் தோலில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் எழும். குட்டி பேகல் சீக்கிரம் காய்ந்துவிடும் என்பதால் மூடுவதில் மட்டும் அலட்சியம் கூடாது. காலையில் ஒன்றை எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மிதந்தால் தயார். மூழ்கினால் அரை மணி நேரம் வெளியில் வைத்து மறுபடி பாருங்கள்.

சரி, கொதிநீர். இதில் நிறையப் பேர் மேப்பிள் சிரப்பை ஊற்றுகிறார்கள். பணத்தைக் கொட்டுவதுதான் அது. இரண்டு லிட்டர் தண்ணீரில் இரண்டு கரண்டி சிரப் கரைந்தால் வாசனை அடுப்பங்கரையில் வருமே தவிர பேகலில் வராது. நிறத்துக்காவது உதவுமா என்றால், அதிலும் தேன்தான் மேல். மேப்பிளில் இருப்பது பெரும்பாலும் சுக்ரோஸ், அதாவது நாம் டீயில் போடும் சர்க்கரை. தேனில் இருப்பது குளுக்கோஸும் ஃபிரக்டோஸும். புரதத்தோடு சேர்ந்து சூட்டில் பழுப்பு நிறம் கொடுப்பது இந்த இரண்டும்தான். சுக்ரோஸ் உடைந்தால்தான் அந்த வேலையைச் செய்யும். மாவுக்குள் போன மேப்பிளை ஈஸ்ட் உடைத்துக் கொடுத்துவிடுகிறது, அதனால் மாவு நன்றாகவே சிவக்கும். கொதிநீரில் உடைக்க யாரும் இல்லை. ஆகவே மாண்ட்ரியல் கடைகளைப் போலத் தேன்: இரண்டு லிட்டருக்கு மூன்று மேசைக்கரண்டி. தேன் இல்லையென்றால் இரண்டு தேக்கரண்டி சமையல் சோடா போட்டாலும் தோல் நன்றாகச் சிவக்கும்.

தண்ணீர் தளதளவென்று கொதிக்காமல், ஒரு படி குறைவாக, மெல்லக் குமிழ் விட்டபடி இருக்கட்டும். பெரிய பேகலுக்குப் பக்கத்துக்கு 45 நொடி முதல் ஒரு நிமிடம் வரை சொல்வார்கள். குட்டிக்குப் பக்கத்துக்கு 20 நொடி. அந்தச் சில நொடியில் மேல்பரப்பு மாவுச்சத்து வெந்து பசையாகிறது, அங்கே இருக்கும் ஈஸ்ட் செத்துப்போகிறது. ஓவனுக்குள் பேகல் பன்னைப் போல விரியாமல் அடக்கமாக நிற்பது அந்தப் பசைத்தோலால்தான். ஜல்லிக்கரண்டியால் எடுத்து ஒரு நொடி தண்ணீர் வடியவிட்டு ட்ரேயில் வையுங்கள். எள் வேண்டுமென்றால் இப்போதே, ஈரம் காய்வதற்குள் இருபக்கமும் புரட்டிவிடுங்கள். வறுக்காத வெள்ளை எள்ளே சரி, ஓவனில் அது வறுபட்டுவிடும். எள்ளும் மேப்பிளும் அவ்வளவு பொருத்தம்.

அடி கருகுவதற்கு வருகிறேன். நம் மாவில் சர்க்கரை எட்டு சதவீதம் இருக்கிறது, அதுவும் ஈஸ்ட் உடைத்துத் தயாராக வைத்த சர்க்கரை. மெல்லிய கறுப்பு ட்ரே அடிச்சூட்டை அப்படியே ஏற்றிவிடும். இரண்டு ட்ரேயை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் நடுவில் நிற்கும் காற்று தடுப்பாக வேலை செய்யும். பட்டர் பேப்பரில் கொஞ்சம் ரவை தூவினால் ஒட்டவும் செய்யாது. ஓவன் 220 டிகிரி செல்சியஸ், நடுத்தட்டு, 13 முதல் 15 நிமிடம், பாதியில் ட்ரேயைத் திருப்புங்கள். குறைந்த சூட்டில் நீண்ட நேரம் சுட்டால் கருகாது என்று 180 டிகிரிக்கு இறக்காதீர்கள். நிறம் வருவதற்குள் உள்ளே காய்ந்துவிடும். மாவில் சிரப்பை 75 கிராமுக்கு மேல் ஏற்றுவதும் வேண்டாம். சர்க்கரை பத்து சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண ஈஸ்ட் திணறும், கருகலும் கூடும்.

இப்போது வாசனை. மேப்பிள் மரத்திலிருந்து வடியும் நீரில் சர்க்கரை இரண்டு சதவீதம்தான். மார்ச், ஏப்ரலில், இரவில் உறைந்து பகலில் உருகுகிற நாட்களில் மட்டும் அது வடியும். சுமார் 40 லிட்டர் நீரைக் காய்ச்சினால் ஒரு லிட்டர் சிரப். அந்த நீரில் மேப்பிள் வாசனை என்று சொல்லும்படி எதுவும் இல்லை. நாம் மேப்பிள் என்று அறிகிற வாசனை, காய்ச்சக் காய்ச்சப் பிறப்பது. அது எளிதில் ஆவியாகிற வாசனை. சிரப்பை மாவில் ஊற்றி, பிசைந்து, இரவெல்லாம் ஈஸ்ட்டுக்குக் கொடுத்து, 220 டிகிரியில் சுட்டால் இனிப்பும் நிறமும் மிஞ்சும், வாசனையில் பெரும்பகுதி போய்விடும். மாவில் இருக்கும் மேப்பிள் அடித்தளம், அவ்வளவுதான். வாசனைக்கான மேப்பிளை ஓவனுக்குப் பிறகு, தோலில் கொடுக்க வேண்டும்.

பேகல் ஓவனில் இருக்கும்போதே ஒரு சின்ன வாணலியில் 80 கிராம் சிரப்பை நடுத்தரத் தீயில் வையுங்கள். பொங்கும், எனவே உயரமான பாத்திரமாக இருக்கட்டும். குலாப் ஜாமூன் பாகின் பிசுபிசுப்பைத் தாண்டி, ஒற்றைக் கம்பி இழுக்கும் பதம் வந்ததும் இறக்கி, 15 கிராம் வெண்ணெயும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்துக் கலக்குங்கள். ஓவனிலிருந்து எடுத்த உடனே, தோல் பொசுக்கும் சூட்டில் இருக்கும்போதே, பிரஷ்ஷால் ஒரு பூச்சு. ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு பூச்சு. முதல் பூச்சு தோலுக்குள் இறங்கும், இரண்டாவது மேலே நின்று மினுங்கும். சுடுவதற்கு முன்னால் பூசிவிட்டால் வேலை மிச்சம் என்று நினைக்காதீர்கள், அது கருகிக் கசக்கும். இரண்டாவது பூச்சு காய்வதற்குள் மேப்பிள் சர்க்கரை கொஞ்சம் தூவினால் கடிக்கும்போது நறுக்கென்று படும். மேப்பிள் சர்க்கரை கிடைத்தால் மாவிலும் அதைப் போடலாம்: 60 கிராம் சிரப்புக்குப் பதில் 40 கிராம் சர்க்கரையும் 20 கிராம் தண்ணீரும்.

எந்தச் சிரப் வாங்குவது? கோல்டன், ஆம்பர், டார்க், வெரி டார்க் என்று நான்கு வகை. நான்குமே கிரேடு ஏ தான். நிறத்தையும் சுவையின் அழுத்தத்தையும் வைத்துப் பிரித்தவை, தரத்தை வைத்து அல்ல. பருவத் தொடக்கத்தில் வருவது வெளிர்நிறம், கடைசியில் வருவது கறுப்பு. வெளிர்நிறத்துக்குத்தான் விலை கூடுதல் என்று அதை வாங்கிப் பேக்கிங்கில் போடுகிறவர்கள் உண்டு. அதன் மென்மை மாவில் காணாமல் போய்விடும். மாவுக்கும் பூச்சுக்கும் டார்க் அல்லது வெரி டார்க் வாங்குங்கள். லேபிளில் "மேப்பிள் சுவையூட்டிய" என்று இருந்தால் அது சோளச் சர்க்கரைப் பாகு, கேரமல் நிறம், வாசனை எசன்ஸ். அதைக் கம்பிப் பதத்துக்குக் காய்ச்சினால் வெறும் இனிப்புப் பிசின்தான் மிஞ்சும்.

அந்த எசன்ஸில் நம் வீட்டுச் சரக்கு ஒன்று இருக்கிறது: வெந்தயம். வெந்தயத்தின் முக்கிய வாசனைப் பொருளான சோட்டலோன், மேப்பிள் சிரப்பிலும் உண்டு. செயற்கை மேப்பிள் வாசனைக்கு வெந்தயச் சாறு நெடுநாளாகப் பயன்படுகிறது. 2005 முதல் நியூயார்க் நகரத்தில் அவ்வப்போது காரணம் தெரியாமல் மேப்பிள் வாசனை வீசியது. மக்கள் பயந்து புகார் செய்தார்கள். 2009-இல் நகர நிர்வாகம் காரணத்தைக் கண்டுபிடித்துச் சொன்னது: ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூஜெர்சியில் ஒரு தொழிற்சாலையில் வெந்தயத்திலிருந்து வாசனைப் பொருள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வெந்தயம் அதிகம் சாப்பிட்டால் வியர்வையில் வரும் இனிப்பு வாடையும் இதே சோட்டலோன்தான்.

இதை நான் பேகலில் பயன்படுத்துகிறேன். வெந்தயத்தைச் சிறு தீயில், ஒரு நிழல் நிறம் மாறும்வரை மட்டும் வறுத்து, நன்றாகப் பொடித்து, 500 கிராம் மாவுக்குக் கால் தேக்கரண்டி. வெந்தயம் என்று யாருக்கும் தெரியாது, மேப்பிள் தூக்கலாகத் தெரியும். சிவக்க வறுத்தாலோ அளவு கூடினாலோ கசப்பும் குழம்பு வாசனையும் வந்துவிடும், அதனால் இதில் கை தாராளம் கூடாது. சிரப்பின் விலை கையைக் கடிக்கும் ஊர்களில் இருப்பவர்களுக்கு இது உண்மையிலேயே உதவும்: மாவில் வெல்லமும் இந்தக் கால் தேக்கரண்டியும் போட்டு, வாங்கிய நல்ல சிரப்பை முழுக்கப் பூச்சுக்கு வைத்துக்கொள்ளலாம். 40 கிராம் வெல்லம், 20 கிராம் கூடுதல் தண்ணீர், மற்றதெல்லாம் அப்படியே. இலங்கையில் இருப்பவர்கள் கித்துள் பாணியை இதே அளவில் போடலாம். அது மேப்பிள் போல இருக்காது, தனக்கென்று ஒரு சுவையோடு நன்றாக இருக்கும்.

குட்டி பேகல் சுட்ட அன்றே ருசி. தோல் அதிகம் என்பதால் மறுநாளே இறுகத் தொடங்கும். மிச்சமாகும் என்று தெரிந்தால் அந்தப் பங்குக்குப் பாகு பூசாமல், ஆறியதும் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள், ஒரு மாதம் தாங்கும். ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்காதீர்கள், அங்கேதான் பேகல் மிக வேகமாக விறைக்கும். வேண்டும்போது மேலே ஒரு கை தண்ணீர் தெளித்து 180 டிகிரியில் ஆறேழு நிமிடம் சூடாக்கி, பாகை அப்போது காய்ச்சிப் பூசினால் போதும்.